பேர் கொடுத்த வீடு

ஜோமோள் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது நாச்சம்மாள் களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கார்த்திகை பிறந்துவிட்டால் வேலந்தாவளம் பக்கத்துக் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று தென்னை மட்டையைப் பிய்ப்பதோடு நிற்காது, தலையில் கட்டியிருக்கிற துண்டையும் உருவிக்கொண்டு போய்விடும். தார்ப்பாயின் மூலைகளில் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்த நாச்சம்மாள், கிருஷி பவன் விவசாய ஆபீசிலிருந்து விதை விஷயமாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்க அம்மிணி. அவரு வாய்க்காலுக்குப் போயிருக்கறாருங்க. இன்னைக்கு எங்க தண்ணி மொறை. உக்காருங்க, மோரு கொண்டாறேன்."

"மோர் அப்புறம் குடிக்கிறேன்க்கா. கிட்டுச்சாமியோட வீடு இதுதானே?"

கிட்டுச்சாமி என்கிற பேரை அந்தக் களத்தில் யாரும் சத்தமாகச் சொல்லி வெகு நாளாயிற்று. நாச்சம்மாளின் கையிலிருந்து எதுவும் நழுவி விழவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கையிலிருந்த கடலைக்காயைத் தார்ப்பாயில் போட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அது என்ற கொழுந்தன். இங்க இல்லீங்க."

"தெரியும்க்கா. நான் அங்க அவரைப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

ஜோமோள் ஜெயிலோடு சேர்ந்து வேலை செய்கிற புரொபேஷன் ஆபீசர். ஒரு கைதியை லீவில் வெளியே விடலாமா, விட்டால் வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா, ஊர் என்ன சொல்கிறது என்று நேரில் வந்து விசாரித்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பீர்மேட்டுக்குப் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். அப்பா ஃபேக்டரி வாட்ச்மேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடிப் படித்த மதுரைப் பக்கத்துப் பேச்சு அவளுடையது. மலையாளத்துப் பெண் வாயில் அந்தத் தமிழைக் கேட்டு வேறொரு நாளாக இருந்தால் நாச்சம்மாள் சிரித்திருப்பாள்.

நாச்சம்மாளின் புருஷன் சின்னையன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் வரைக்கும் சேறாக வந்து சேர்ந்தார். மேலக்காட்டுத் தண்ணீர்க் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். தங்கமான மனுஷன் என்று ஊரில் பேர். அந்தப் பேருக்காக அவர் பாடுபட்டதும் உண்டு, சும்மா கிடைத்ததும் உண்டு. ஜோமோள் யாரென்று தெரிந்ததும் அவர் உட்காரவில்லை. தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை வழிக்கத் தொடங்கினார்.

"அவன் சௌக்கியமா இருக்கறானுங்களா?"

"இருக்கார்ணே. விஷயம் என்னன்னா, ஜெயில்ல எல்லாரையும் ஒண்ணாப் போட்டு அடைக்கிறதில்ல. கேஸ் நடக்கிறவங்க தனி, தண்டனை ஆனவங்க தனி. தண்டனை ஆனவங்கள்லயும் ரெண்டு வகை வச்சிருக்காங்க. வாழ்க்கையில ஒருவாட்டி ஏதோ பண்ணிட்டு வந்தவங்க ஒரு பக்கம். அதையே பழக்கமா வச்சிருக்கிறவங்க இன்னொரு பக்கம். கிட்டுச்சாமி ரெண்டாவது பக்கத்துல இருக்கார்."

"எங்க இருந்தாலும் ஜெயிலு ஜெயிலுதானுங்களே."

"அப்படி இல்லண்ணே. எல்லாமே அதை வச்சுத்தான். முதல் பக்கத்து ஆளுன்னா திறந்த ஜெயிலுக்கு அனுப்புவாங்க. அங்க மதில் கிடையாது. ரப்பர் வெட்டலாம், மாடு வளக்கலாம், கூலி உண்டு. லீவுல வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம். ஒழுங்கா இருந்தா முன்கூட்டியே விடுறதைப் பத்தியும் யோசிப்பாங்க. இந்தப் பக்கத்துல இருக்கிறவருக்கு அதெல்லாம் சட்டுனு கிடைக்காது. ஜெயில்ல சப்பாத்தி சுட்டு வெளி ஆளுங்களுக்கு விக்கிற கவுண்டர்ல நிக்கக்கூட விட மாட்டாங்க. நான் பேசிப் பாத்த வரைக்கும் அவர் அப்படிப்பட்ட ஆளாத் தெரியல. ஆனா பழைய அடிதடிக் கேஸ் மூணு இருக்கு. மூணுலயும் குத்தத்தை ஒப்புக்கிட்டிருக்கார். அதான் உங்ககிட்டக் கேக்க வந்தேன். சின்ன வயசுலருந்தே ஆள் அப்படித்தானா?"

நாச்சம்மாள் மோர் கொண்டுவர உள்ளே போனாள். போனவள் வாசல் தாண்டியதும் நின்றுவிட்டாள் என்பது சின்னையனுக்குத் தெரிந்தது, வளையல் சத்தம் அங்கேயே நின்றுவிட்டதால். மண்வெட்டியில் வழிக்கச் சேறு இல்லை. ஆனாலும் வழித்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குக் கொஞ்சம் கோவம் சாஸ்திங்க," என்றார் கடைசியில்.

ஜோமோள் தலையாட்டினாள். மறுபடி வருவதாகவும், அக்கம்பக்கத்திலும், கிட்டு கையால் செத்தவர் வீட்டிலும் விசாரிக்க வேண்டும் என்றும், அதற்குள் ஒருமுறை அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்றும் சொன்னாள். மோரை நின்றபடியே குடித்துவிட்டு, தார்ப்பாயிலிருந்து ஒரு கடலைக்காயை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் சின்னையன் ஏன் அப்படிச் சேறு வழித்தார் என்பது விளங்கும்.

வாய்க்கால் தண்ணீரை மேலக்காடும் கீழக்காடும் முறை வைத்துப் பாய்ச்சுகின்றன. மழை உள்ள வருஷம் யாரும் யாரையும் கேட்பதில்லை. வெயில் ஏறி, தென்னங்குரும்பை உதிரத் தொடங்கிவிட்டால் மனிதர்களின் புத்தியும் உதிரத் தொடங்கிவிடும். முறை முடியும் முன்னே மடையைத் திறந்தான் என்பார்கள், முடிந்த பிறகும் அடைக்கவில்லை என்பார்கள். மண்வெட்டிக் காம்பு சுழலும். அடிபட்ட பக்கம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும். போலீஸ் வந்து ஆளைக் கொடு என்று கேட்கும். யார் அடித்தது என்கிற ஆராய்ச்சியில் யாருக்கும் அக்கறை இல்லை, கேசை முடிக்க ஒரு பேர் போதும். உடனே கமிட்டி வேப்பமரத்தடியில் கூடும். பிள்ளைகுட்டிக்காரன் பேரைக் கொடுக்க மாட்டார்கள். படிக்கிறவன், வேலைக்கு எழுதிப் போட்டிருப்பவன், கண்பார்வை மங்கியவன் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது கல்யாணமாகாமல் காட்டுவேலை பார்க்கிற தம்பிமார்தான். பேர் கொடுக்கப்பட்டவன் சட்டை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான், "நாந்தானுங்க" என்பான், அபராதத்தைக் கமிட்டி கட்டும், பொழுது சாய்வதற்குள் பரோட்டா தின்றுவிட்டு ஊர் திரும்புவான். கோயில் நோம்பிக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்புவது மாதிரிதான் இதையும் நினைத்தார்கள். சண்டை நடந்த அன்று ஆண்கள் வீடு திரும்பினால் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி யாருக்கு அடி என்பதல்ல. "ஆரு பேரு?" என்பதுதான்.

முதல் தடவை கீழக்காட்டுச் செல்லமுத்துவின் தோள்பட்டையில் அடித்தது சின்னையன். காறையெலும்பு முறிந்துபோயிற்று. அப்போது மகள் பிரதீபா கைக்குழந்தை. கமிட்டிக்காரர்கள் வாசலில் வந்து நின்றபோது, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த நாச்சம்மாள்தான் சொன்னாள்: "கிட்டு பேரக் குடுத்துருங்க. அவனுக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா?"

கிட்டு உள்ளே அரிசிம்பருப்புச் சோறு தின்றுகொண்டிருந்தான். அடி விழுந்த நேரத்தில் அவன் வாய்க்கால் பக்கமே போகவில்லை. "செரிங்கண்ணி, என்ற பேரயே எழுதிக்கோங்க. ஆனா கோர்ட்டுக்குப் போறதுக்கு வெள்ளச் சட்டை ஒண்ணு எடுத்துத் தரோணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சட்டையும் எடுத்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது தடவை சண்டை நடந்தபோது அவன் வேலந்தாவளம் சந்தையில் ஒரு காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன்தானே, இன்னொன்றில் என்ன வந்துவிடப் போகிறது என்றார்கள். அந்த அடியும் சின்னையனுடையதுதான். மூன்றாவது தடவை யாரும் அவனைக் கேட்கக்கூட இல்லை. பேரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்கள். அது யார் அடித்த அடி என்று இன்றைக்குக் கேட்டால் பத்துப் பேர் பத்துத் திசையைப் பார்ப்பார்கள். சின்னையன் தரையைப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு கிட்டுவுக்குக் கேஸ்காரன் என்று பேர் விழுந்தது. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் அந்தப் பேர் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. வாய்க்காலில் வாய்த்தகராறு வந்தால் "கிட்டுவக் கூப்புடு" என்பார்கள். அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவான். ஒரு பங்குனி மாதம், அதே மடையில், அதே செல்லமுத்துவை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். செல்லமுத்துவின் பின்மண்டை மடைக்கல்லில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தத் தடவை பேர் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதைச் செய்தவன் கிட்டுதான். பத்து வருஷம் தண்டனை ஆயிற்று.

அன்று பொழுதோடு பிரதீபா கஞ்சிக்கோட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. தை மாதம் பொள்ளாச்சிப் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துவிட்டு, சித்தப்பன் ஒரு மாதிரியாம், ஆனால் அப்பன் தங்கமாம் என்று சொல்லித்தான் சம்மதித்தார்கள். அந்தச் சொல்லை நாச்சம்மாள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாத குறை.

பிரதீபா டவுனுக்குப் போய்விட்டு வந்த நாட்களில் ஜெயில் கவுண்டரிலிருந்து சப்பாத்திப் பொட்டலம் வாங்கி வருவாள். அன்றும் கம்பெனி வேலையாக டவுனுக்குப் போனவள் வாங்கி வந்திருந்தாள். நாச்சம்மாள் அதைத் தொட மாட்டாள். சின்னையன் மட்டும் தின்பார். கிட்டு சுட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாளும் தின்றிருக்கிறார். அதைச் சுடுகிற இடத்துக்கே அவனை விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிய்த்த சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஏம்ப்பா, பசிக்கலயா?"

"வேண்டாங் கண்ணு."

நாச்சம்மாள் நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டுப் பிரதீபா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூணு கேசும் நெசமாலுமே சித்தப்பா பண்ணுனதுதானாப்பா?"

"உனக்கெதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள் நாச்சம்மாள். "ஊரே சேந்து பண்ணுன காரியம். இவரு ஒருத்தரு மட்டுமா?"

"நான் அப்பாவக் கேட்டேன்."

"அவரு என்ன சொல்லுவாரு? சொன்னா என்ன நடக்குமுன்னு உனக்குத் தெரியுமா? அப்பன் தங்கமுன்னு சொல்லித்தான் உன்னக் கேட்டு வந்திருக்கறாங்க. இவரு போயி நானுதான் அடிச்சேன், தம்பி பேரக் குடுத்தேன்னு சொன்னா, பொள்ளாச்சிக்காரங்க அடுத்த பஸ்ஸுக்கே தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. கிட்டு உள்ளார இருந்தது இருந்துட்டான். இன்னங் கொஞ்ச நாளுதான். வந்தாச் சோறு போடாமயா இருந்துருவேன்?"

"அம்மா, சித்தப்பாவுக்குப் புடிச்ச அரிசிம்பருப்புச் சோறு நீ ஆக்கி எத்தன வருசமாச்சு?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்."

நாச்சம்மாள் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள். வெளியே காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சின்னையன் ஈரத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் படுத்தார். அவர் வெட்கப்பட்டார் என்று சொன்னால் போதாது. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அவனுக்குக் கோவம் சாஸ்தி. எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது!

அடுத்த வாரம் அவர் ஜெயிலுக்குப் போனார். முதல் இரண்டு வருஷம் போனவர், பிறகு காட்டுவேலை, கமிட்டி வேலை என்று குறைத்து, ஒரு கட்டத்தில் நிறுத்தியே விட்டிருந்தார். வேலை இல்லாத விவசாயி உலகத்தில் உண்டா என்ன! கேட்பவர்களுக்கும் அது போதுமான காரணமாக இருந்தது.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கிட்டு வந்து நின்றான். மீசை நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டியிருந்தது. கைதிகளுக்குக் கொடுக்கிற வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் உடுத்தியிருந்தான்.

"வாங்கண்ணா. வெள்ளச் சட்டைல நல்லாருக்கறனா?"

அவன் கேலி செய்கிறானா, சும்மா கேட்கிறானா என்று சின்னையனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எளச்சுப் போயிட்டயேடா."

"எல்லாரும் எளச்சுத்தான் இருக்கறாங்க. காடெல்லாம் எப்படி?"

"கடலை பரவால்ல. தேங்காய்க்குத்தான் மண்டரிப் பூச்சி அடிச்சுக் கெடக்குது. உள்ளார வேலை ஏதாச்சும் குடுக்கறாங்களா?"

"தறி இருக்குது. பெட்சீட்டு நெய்யறேன். நாங்க இருக்கற பக்கத்துல பூராப் பழைய கேடிங்க. பூட்டு ஒடைக்கறவன், சங்கிலி அறுக்கறவன். ஒருத்தன் எங்கிட்ட வந்து, அண்ணா நீங்க எந்த லைன்னு கேட்டான். வாய்க்கா லைன்னு சொன்னேன்." கிட்டு சிரித்தான். சின்னையனால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

"கிட்டு, அந்த ஜோமோள் அம்மா ஊட்டுக்கு வந்துச்சு."

"தெரியும். நல்ல மாதிரி. வந்து பேசும்." அவன் வலைக்குள் விரலை நுழைத்துக்கொண்டு நின்றான். "அண்ணா, இங்க கோவத்த அடக்கறதுக்கு வகுப்பு எடுக்க ஒரு சாரு வருவாரு. மூச்ச இழுத்து உடச் சொல்லுவாரு. மொத மொதல்ல உனக்கு எப்பக் கோவம் வந்துச்சுன்னு ரோசிச்சுப் பாருன்னாரு. நானும் ரோசிச்சேன். மொதக் கேசுல எனக்குக் கோவமே இல்ல. அன்னைக்குச் சோறு தின்னுட்டிருந்தேன். ரெண்டாவதுல சந்தையில மாட்டுக் கயித்தப் புடிச்சுட்டு நின்னேன். மூணாவதுல, உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ, காச்சல்ல படுத்துக் கெடந்தேன். அப்பறம் எப்பத்தான் வந்துச்சுன்னு பாத்தா, இவன் அடிக்கறவன், இவன் அடிக்கறவன்னு எல்லாருஞ் சொன்னாங்க பாருங்க, அதுக்கு அப்பறந்தான் வந்துச்சு. மடைக்கு வான்னு கூப்புட்டா, அடிக்கறவன் போயிச் சும்மா நின்னாச் சிரிப்பாங்கன்னு இருக்கும். செல்லமுத்தண்ணனுக்கும் எனக்கும் என்ன பகை? ஒண்ணும் இல்ல. கை தானா நீண்டுருச்சு."

சின்னையன் வலையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சாருகிட்ட இதச் சொன்னயா?"

"சொன்னேன். இங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்கன்னாரு. அவரக் குத்தஞ் சொல்ல முடியாது. மத்தக் கைதிங்க சொல்றதக் கேட்டா எனக்கே அப்படித்தான் தோணுது."

"நான் சொல்லீரட்டுமாடா? அந்த அம்மாகிட்ட?"

வேண்டாம் அண்ணா, பிரதீபாவை ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று கிட்டு சொல்லுவான் என்று சின்னையன் உள்ளுக்குள் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தது தெரிந்ததும் இன்னும் கூசிப்போனார்.

"நான் சொல்லச் சொல்லல. சொல்ல வேண்டாமுன்னுஞ் சொல்லல," என்றான் கிட்டு. "பிரதீபாவுக்குத் தையில கல்யாணமாமா. அந்த அம்மாதான் சொல்லுச்சு. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்."

நேரம் முடிந்துவிட்டதென்று காவலர் கூப்பிட்டார். கிட்டு திரும்பிப் போகும்போது அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒட்டுப் போட்டிருப்பது தெரிந்தது. சின்னையன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதார். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார்.

ஜோமோள் மறுபடி வந்தது கீழக்காட்டுக்குத் தண்ணீர் மாறுகிற அன்று. முறை மாறும்போது இரண்டு பக்கத்தாரும் மடைக்கு வந்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, வீடு வீடாக அலைவதற்குப் பதில் அவளும் அங்கேயே வந்து சேர்ந்தாள். மடைக்கு இந்தப் பக்கம் மேலக்காட்டார், அந்தப் பக்கம் கீழக்காட்டார். செல்லமுத்துவின் மனைவி காளியாத்தாள் மண்வெட்டியோடு தன் முறைக்காகக் காத்திருந்தாள். புருஷன் போன பிறகு தென்னைக்குத் தண்ணீர் கட்டுவது அவள்தான். செல்லமுத்து விழுந்த மடைக்கல் அதே இடத்தில்தான் இருந்தது. தினம் அதன் மேல்தான் எல்லோரும் கால் வைத்துத் தாண்டினார்கள்.

"கிட்டுச்சாமி லீவுல வந்தா உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று பொதுவாகக் கேட்டாள் ஜோமோள்.

மேலக்காட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கமிட்டிக்காரன் பொன்னுக்குட்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "வந்தா வரட்டுமுங்க. ஆனா ஒண்ணு, அவன் கொஞ்சம் கோவக்காரனுங்க."

"ஆமாங்க, கோவம் சாஸ்தி," என்றான் இன்னொருவன்.

"அடிதடின்னா மொத ஆளா நிப்பானுங்க. மத்தபடி நல்லவன்."

தன்னுடைய சொல் வாய்க்கு வாய் போய்வருவதைச் சின்னையன் கேட்டுக்கொண்டு நின்றார். இவர்கள் யாரும் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது.

ஜோமோள் அந்தப் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. உங்களைத்தான் முக்கியமாக் கேக்கணும்."

காளியாத்தாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டாள். "என்ற ஊட்டுக்காரரக் கொன்னவன் அவன். அவன் மூஞ்சில முழிக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்ல. அத எழுதிக்கோங்க." எல்லோரும் தலையாட்டத் தொடங்கியபோது அவள் நிறுத்தவில்லை. "ஆனா மொதல்ல என்ற ஊட்டுக்காரரு தோளெலும்ப ஒடச்சது அவனில்லீங்க. ஒடிஞ்ச எலும்புக்குக் கட்டுப் போட்டுட்டுப் படுத்திருந்த மனுசன் எங்கிட்டப் பொய் சொல்லுவாரா? பண்ணுனதுக்கு மட்டும் அவன் உள்ளார கெடக்கட்டும். பண்ணாததுக்கெல்லாம் சேத்து எதுக்குக் கெடக்கோணும்?"

"அப்ப அடிச்சது யாரு?" என்றாள் ஜோமோள்.

காளியாத்தாள் பேரைச் சொல்லவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். பொன்னுக்குட்டி, "பழைய கதைங்க அதெல்லாம், இப்ப எதுக்கு" என்று நடுவில் வந்தான். ஒருவர் செருமினார். ஒருவர் மடைப்பலகை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போனார்.

"நானுதானுங்க," என்றார் சின்னையன்.

"அண்ணா, சும்மா இருங்க," என்று அவர் கையைப் பிடித்தான் பொன்னுக்குட்டி. "ஊர்ப் பேரு கெட்டுப்போயிரும்."

அவர் கையை உதறிவிட்டார். "மொத அடி என்றது. ரெண்டாவதும் என்றது. மூணாவதுலயும் நான் இருந்தேன். கிட்டு ஒண்ணுலயும் இல்லீங்க. அன்னைக்கு அவனுக்குக் கோவம் சாஸ்தின்னு உங்ககிட்டச் சொன்னனே, அதுவும் பொய்யி. நாங்க பேரு குடுத்தோம், அவன் போனான். அவ்வளவுதானுங்க. என்ற பேர எழுதிக்கோங்க. சின்னையன்."

ஜோமோள் எழுதாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, ஒண்ணு சொல்லிடுறேன். கோர்ட்ல ஒப்புக்கிட்ட கேசை நான் மாத்த முடியாது. நீங்க சொன்னதை எழுதி அனுப்புவேன். மேல இருக்கிறவங்க கேட்டாலும் கேட்பாங்க, கேக்காமலும் போவாங்க. உங்களையே கூப்பிட்டு விசாரிக்கவும் செய்யலாம். பரவாயில்லையா?"

"எழுதுங்க."

அவள் எழுதினாள். மேலக்காட்டார் ஒவ்வொருவராக வரப்பில் இறங்கி நடந்தார்கள். சின்னையனிடம் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. நேரமாகிவிட்டிருந்ததால் அவரே குனிந்து மடைப்பலகையைத் தூக்கினார். தண்ணீர் கீழக்காட்டுப் பக்கம் திரும்பியது. காளியாத்தாள் கிட்டே வந்தாள். நன்றியாக ஏதாவது சொல்லுவாள் என்றோ, திட்டுவாள் என்றோ அவர் நினைத்தார். இரண்டையும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"இத அன்னைக்கே சொல்லீருந்தீங்கன்னா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல், "அவனும் கேஸ்காரனாயிருக்க மாட்டான். என்ற ஊட்டுக்காரரும் இன்னைக்கு இருந்திருப்பாரு."

சொல்லிவிட்டுத் தண்ணீரின் கூடவே நடந்து தன் தென்னைகளுக்குள் போய்விட்டாள்.

சின்னையன் வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாச்சம்மாள் களத்தில் கடலைக்காயைக் கூட்டிக் குவித்துச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். பிரதீபா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வரப்பு வழியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அந்தப் பழைய நாட்களில் கேட்ட அதே கேள்வியை நாச்சம்மாள் கேட்டாள்.

"ஆரு பேரு?"

"என்ற பேரு."

பிரதீபா சாக்கை விட்டுவிட்டு வந்து அப்பாவின் தோளிலிருந்த மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாத்தினாள். "பொள்ளாச்சிக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிக்கறேம்ப்பா. அவங்க வந்தா வரட்டும்" என்றாள். சின்னையன் களத்து மண்ணிலேயே உட்கார்ந்து, காளியாத்தாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

நாச்சம்மாள் கேட்டுக்கொண்டே அள்ளினாள். அள்ளியது சாக்குக்குள் விழாமல் வெளியே சிந்தியது. மறுபடி குனிந்து அதைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே தார்ப்பாயில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிரதீபா பக்கத்தில் போனபோது அவளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்த ஜோமோள் அம்மா இன்னம் பக்கத்துலதான் இருக்குமா? போயிருச்சா?"

"எதுக்கு?"

"இவள இந்தத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே, கிட்டு பேரக் குடுங்கன்னு மொதமொதல்ல சொன்னது நாந்தானுங்களே," என்றாள் நாச்சம்மாள். "என்ற பேரையும் எழுதிக்கச் சொல்லுங்க."